கடல் தாண்டி வருவது படம் மட்டும்

நெடுந்தீவில் இரவு எட்டு மணி என்றால் சென்னையிலும் இரவு எட்டு மணி. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று இலங்கை தன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. பத்து வருடம் கழித்து, 2006 ஏப்ரலில், பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. அன்று தொடக்கம் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் மணி ஒன்றுதான். சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் ரீவியையும் பிள்ளைகளையும் பற்றிக் கதைக்கும்போது நேரம்தான் முதல் வேலி. இந்தியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தாங்களே கூடி எழுதி வைத்திருக்கும் விதிப்படி, வளர்ந்தவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சியை இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில்தான் போடலாம். கடிகாரம் ஒன்றாக இருப்பதால் அந்த வேலி ஊர்காவற்துறைக்கும் நயினாதீவுக்கும் சேதாரம் இல்லாமல் வந்து சேர்கிறது. அதே விதிப் புத்தகத்தில் உள்ள மற்றதெல்லாம், அதாவது முறைப்பாடும் விசாரணையும் அபராதமும் திரையில் ஓடவேண்டிய மன்னிப்பும், கடற்கரையோடு நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி வருகிறது, அதற்குப் பொறுப்பானவர்கள் வருவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி தமிழ்நாட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கியது நேற்றல்ல. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: நெடுந்தீவிலிருந்து யாழ் நகரம் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீற்றர், இராமேஸ்வரம் சுமார் 50. கொடைக்கானலிலும் பிறகு இராமேஸ்வரத்திலும் தூரதர்ஷன் கோபுரங்கள் எழுந்தன. இராமேஸ்வரத்துக் கோபுரம் 300 மீற்றருக்கு மேல் உயரம். கூரைக்கு மேலே அன்ரனாவைத் தென்மேற்குப் பக்கம் திருப்பி வைத்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பிறகு டிஷ் வந்தது. 2006இல் சிபிஎன் சாட் என்ற செய்மதி நிறுவனத்தின் ஒளிபரப்பைப் பொலிஸார் நிறுத்தினார்கள். புலிகளின் ஒளிபரப்போடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்த நிறுவனத்தை டயலொக் வாங்கி, 2007இல் டயலொக் ரீவி வந்தது. அதற்குப் பின்னால் தொலைபேசிக் கம்பி வழியே பியோ ரீவி. இவற்றோடு இந்தியப் பெட்டியை இங்கே கொண்டுவந்து பூட்டி, அங்கே காசு கட்டிப் பார்க்கிற வழியும் உண்டு. ஒரு சின்னக் குறிப்பு: இந்த நாட்டில் செய்மதிக்கு மேலே அரசின் கை பட்ட அந்தப் பெரிய சந்தர்ப்பத்தில் காரணம் பாதுகாப்பு. பிள்ளைகளுக்காக யாரும் டிஷ்ஷை நிமிர்ந்து பார்த்ததாக வரலாறு இல்லை.

சரி, இந்தியாவில் இருக்கிற ஏற்பாடு என்ன? 2011 ஜூனில் இந்திய ஒளிபரப்பாளர் சங்கம் ஒரு முறைப்பாட்டுக் குழுவை அமைத்தது. ஒளிபரப்பு உள்ளடக்க முறைப்பாட்டுக் குழு என்று சொல்லலாம், அங்கே பிசிசிசி என்பார்கள். முதல் தலைவர் நீதியரசர் ஏ.பி.ஷா. தலைவரோடு சேர்த்து 13 பேர். நாலு பேர் ஒளிபரப்பாளர்கள், நாலு பேர் சிறுவர், பெண்கள் முதலான தேசிய ஆணைக்குழுக்களில் இருந்து வருகிறவர்கள், நாலு பேர் பொதுவாழ்வில் பெயர் உள்ளவர்கள். பிழை செய்த அலைவரிசையை மன்னிப்பு ஓடவிடச் சொல்லலாம், 30 இலட்சம் இந்திய ரூபாய் வரை அபராதம் போடலாம். நிகழ்ச்சிகள் இரண்டே வகை: எல்லாருக்கும் உரியது, மட்டுப்படுத்தப்பட்டது. இரண்டாவதற்குத்தான் அந்த 11 மணி. இதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. அரசாங்கம் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயத்தில் பிறந்த குழுதான். ஆனாலும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவில் இருத்தி, தொழிலுக்கு வெளியே உள்ளவர்களைப் பெரும்பான்மையாக வைத்துத் தொழில்காரர் தங்களைத் தாங்களே கேள்விகேட்க விட்டது சின்ன விசயம் இல்லை. 2021 ஜூனில் டெல்லி இதைச் சட்டத்துக்குள் இழுத்து மூன்று படியாக்கியது: முதலில் அலைவரிசை, பிறகு தொழிற்குழு, மேலே அரசு. மேலே உள்ள படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த இயந்திரத்தின் எரிபொருள் முறைப்பாடு. யாராவது எழுதினால்தான் அது அசையும். இங்கேதான் தீவுகளின் சங்கதி வேறாகிறது. தீவாரின் முறைப்பாட்டைத் தடுக்கிற வசனம் எதுவும் அந்த விதியில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படவில்லை, வேறு நாலு தடைகள் தாமாகவே வேலை செய்கின்றன. முறைப்பாடு அனுப்பச் சொல்லித் திரையின் அடியில் ஓடும் வரி, வாசிக்க முதல் போய்விடும். அதில் வரும் மின்னஞ்சல் முகவரி டெல்லிக்குரியது. இங்கே வரும் ஒளிபரப்பு விளம்பரம் மாற்றப்பட்ட வெளிநாட்டுப் பதிப்பாக இருந்தால், அது இந்தியக் கேபிள் விதிக்குள் வருமா என்று ஒரு வழக்கறிஞர் அரைநாள் வாதாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னைக்கு நோகிற ஒரே இடம் ரேட்டிங். அந்தக் கணக்கை எடுக்கிற பார்க் நிறுவனம் இந்திய வீடுகளைத்தான் எண்ணுகிறது. வேலணையிலும் புங்குடுதீவிலும் எத்தனை வீட்டில் ஒரு தொடரைப் பார்த்தாலும், எத்தனை வீட்டில் வெறுத்து நிறுத்தினாலும், அந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு மயிரிழைகூட அசையாது. பார்வையாளராக எண்ணப்படாதவரின் முறைப்பாட்டை யார் பொருட்படுத்துவார்? சுயகட்டுப்பாடு என்ற சொல்லில் உள்ள ‘சுய’ சந்தையைப் பார்த்துப் பயப்படுகிற சுயம். நாங்கள் அந்தச் சந்தைக்குள் இல்லை.

அப்படியானால் கொழும்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லத் தோன்றும். கொழும்பின் கதை இன்னும் சிக்கல். 1982இல் வந்த ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் ஒரு பிரிவைக்கொண்டுதான் இன்றுவரை தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் அமைச்சர். ஒளிபரப்புக்கென்று தனி அதிகாரசபை அமைக்க 1997இல் ஒரு சட்டமூலம் வந்தது. அந்தச் சபை அரசின் பிடியிலிருந்து விலகி நிற்கவில்லை, அரச நிலையங்களுக்கு ஒரு நீதி தனியாருக்கு ஒரு நீதி என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானித்தது. 2008 ஒக்ரோபரில் தனியார் தொலைக்காட்சிகளுக்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. வழக்கு, எதிர்ப்பு, முடக்கம். 2023இல் இன்னொரு வரைவு வெளியே வந்தது, அதற்கும் அதே கதி. ஒவ்வொரு முறையும் ஊடகக்காரரின் எதிர்ப்பு நியாயமானது, அதை மறுக்க முடியாது. ஆனால் எதிர்த்து வென்றவர்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பினார்களா? பத்திரிகைக்காரர்கள் நிரப்பினார்கள்: 2003இல் தாங்களே பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். தனியார் தொலைக்காட்சிகளுக்குப் பொதுவாக அப்படி ஒரு குழு அமையவில்லை. அரசின் தணிக்கை வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது, அதற்குப் பதிலாக இது என்று காட்ட ஒன்றும் இருக்கவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் எல்லாருக்கும் தெரியும். அது அடிபடுகிற பிள்ளைக்கான இலக்கம், இரவு எட்டு மணித் தொடருக்கானதல்ல.

இந்த இரண்டு அதிகாரங்களும் ஒரே பொருளை எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்க, சிகரெட்டைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டத்துக்குப் பின் இலங்கை அலைவரிசைகளில் சிகரெட்டும் மதுப் போத்தலும் மங்கலாக்கப்படுகின்றன. கதாநாயகன் விரலிடுக்கில் ஒரு பனிப்புகார் மிதக்கும். அதே கதாநாயகன் அடுத்த காட்சியில் ஒருவனை அரிவாளால் வெட்டும்போது அரிவாள் துல்லியமாகத் தெரியும், அதற்குப் பனிப்புகார் கிடையாது. இந்தியாவின் வழி வேறு. 2012 ஒக்ரோபர் 2 தொடக்கம் புகைக்கும் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரவேண்டும், படத்துக்கு முன்னும் இடையிலும் சுகாதாரத் துண்டுப்படம் ஓடவேண்டும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த எச்சரிக்கை படத்திலேயே பதிந்திருக்கிறது. இந்தியச் சுகாதார அமைச்சுக்கு நெடுந்தீவில் எந்த அதிகாரமும் இல்லை, இருந்தும் அதன் வரி நெடுந்தீவு வரவேற்பறைக்குள் வருகிறது; டிஷ் வழியாக வந்தாலும் வரும், நகல் எடுத்த சீடியில் வந்தாலும் வரும், யூரியூப்பில் வந்தாலும் வரும். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். புகையிலை உயிரைக் கொல்லும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்க முதல் அதில் படித்த பிள்ளைகள் ஏராளம். எல்லை தாண்டுகிற பாதுகாப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் கண் முன்னால் இருக்கிற ஒரே மாதிரி அதுதான்.

நான் சொல்ல வருவது இதைத்தான்: முறைப்பாட்டை நம்பிய சுயகட்டுப்பாடு முறைப்பாடு செய்யக்கூடியவனை மட்டும் காக்கும். படத்தோடு எது பயணம் செய்கிறதோ அது மட்டும் எல்லாரையும் காக்கும். ஆகவே எச்சரிக்கைக் குறியீட்டைப் படத்தில் பதி. வயதும் வேண்டும், காரணமும் வேண்டும். இதைச் செய்து காட்டிய நாடு நெதர்லாந்து. வரலாறு சிலவேளை நல்லாகவே விளையாடும்: நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும் தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். இப்போது அவர்களிடமிருந்து எடுக்கத்தக்க ஒன்று இருக்கிறது. 2001 தொடக்கம் அங்கே நிகழ்ச்சிகளுக்குப் படக்குறி போடுகிறார்கள். எத்தனை வயதுக்கு என்பது ஒரு குறி; ஏன் என்பதற்கு வேறு குறிகள். முட்டி பிடித்த கை என்றால் வன்முறை, சிலந்தி என்றால் பயம். குறியைப் போடுவது அரசு இல்லை, ஒளிபரப்பாளரின் ஆட்களே ஒரு வினாக்கொத்தை நிரப்பிப் போடுகிறார்கள். அரசின் பங்கு ஒன்றுதான், அதுதான் சூட்சுமம்: இந்த ஏற்பாட்டில் சேராத நிலையம் எல்லா வயதுக்கும் பொருந்துகிற நிகழ்ச்சியை மட்டும்தான் ஒளிபரப்பலாம். சேர் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சேராமல் இருப்பதை நட்டமாக்கியது.

பல் இல்லாத சுயகட்டுப்பாடு எப்படிப் போகும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 2004 டிசம்பரில் அங்கே பெரிய தொலைக்காட்சிகள் அரசோடு உட்கார்ந்து, பிள்ளைகளைக் காக்கும் சுயகட்டுப்பாட்டுக் கோவை ஒன்றில் கையெழுத்திட்டன. பாடசாலை விட்டு வருகிற மாலை 5 தொடக்கம் 8 வரைக்கும் கூடுதல் கவனம் என்பது அதன் மையம். அதே மாலை நேரத்தில்தான் அங்கே பிரபலங்களின் படுக்கையறைச் சண்டைகள் கொடிகட்டிப் பறந்தன. கடைசியில் 2010இல் பொதுச் சட்டம் ஒன்று வந்து அந்த நேர வேலியைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. இதிலிருந்து சுயகட்டுப்பாடே பொய் என்று முடிவெடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கையெழுத்துப் போட்டவனுக்கு மீறினால் ஒன்றும் குறையாது என்ற நிலையில் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. அவ்வளவுதான் அங்கே நிரூபணமானது.

குறி எதற்கு? இங்கே எனக்கு இந்திய விதிகளோடு ஒரு பிணக்கு இருக்கிறது. அந்த விதிகளின் கண் பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கிறது. முத்தமா, முந்தானையா, எத்தனை விநாடி? தமிழ்த் தொடர் நாடகங்களில் அதெல்லாம் அனேகமாகக் கிடையாது. எல்லாரும் பட்டுச் சேலையோடுதான் தூங்குகிறார்கள். ஆனால் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைக்கும், திங்கள் தொடக்கம் சனி வரைக்கும், ஒருத்தி இன்னொருத்தியின் பாலில் நஞ்சைக் கலக்கிறாள், கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளுகிறாள், பிள்ளையைக் கடத்துகிறாள், மருமகளை ஊர் முன்னால் அவமானப்படுத்துகிறாள். அதை நாலு கோணத்தில் மூன்று தரம் காட்டி, இடி இடித்து, நாளைக்குத் தொடரும் என்கிறார்கள். காட்சி காட்சியாகப் பார்த்தால் எந்த விதியும் மீறப்படவில்லை. கதையாகப் பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளை வீடு என்ற இடத்தைப் பற்றி வருடக்கணக்காக ஒரு பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஜோர்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1970களில் கண்டு சொன்னதும் இந்தத் திசையில்தான்: அதிக நேரம் ரீவி பார்ப்பவர்கள் வெளியுலகம் உள்ளதைவிட ஆபத்தானது என்று நம்பத் தலைப்படுகிறார்கள். அவர் எண்ணியது துப்பாக்கியை. எங்கள் தொடர்களில் எண்ணவேண்டியது சமையலறையை.

செய்தி இன்னும் மோசம், ஏனென்றால் அது உண்மை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி கடத்தப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். யாழ்ப்பாணம் தெருவில் இறங்கியது. 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவைப்படி, இத்தகைய குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுவதே குற்றம். அப்படி ஒரு சட்டம் இருபது வருடமாக இருந்த நாட்டில், பெயரும் பாடசாலைச் சீருடைப் படமும் நாடு முழுக்க ஓடின; பார்க்கக்கூடாத படங்களும் கைக்குக் கை மாறின. நீதி கேட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அந்தப் படத்தைத் தூக்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதத்தில் புங்குடுதீவிலும் வேலணையிலும் அதே வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு அதே மாதிரி ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு ரீவி என்ன செய்தது என்று கேட்க ஒரு மேசைகூட இருக்கவில்லை. செய்தியைச் சொல்லாதே என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை தரம், எந்தப் படத்தோடு, எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. சுயகட்டுப்பாடு என்பதன் முழு வேலையும் அந்த மூன்று கேள்விக்குள் இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடச் சட்டம் பதில் சொல்லாது. செய்தி ஆசிரியர்தான் சொல்லவேண்டும்.

திரைக்கு முன்னால் இருக்கிற பிள்ளையைப் பற்றியே கதைக்கிறோம், திரைக்குள் இருக்கிற பிள்ளையும் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். அதே போட்டியில் மலையகத்துச் சிறுமி ஒருத்தியும் பாடினாள். வடக்கு முழுக்க ஒரு வீடாகி அதைப் பார்த்தது. பாட்டு அசலான பாட்டு, அந்தப் பெருமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டோடு சேர்த்து அந்த மேடை எங்கள் போரையும் தோட்டத்து வறுமையையும் கேட்டது. கேட்டு, கமெராவை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், பின்னணியில் வயலினைப் போட்டது. ஒரு பிள்ளை தன் குடும்பத்தின் துக்கத்தை எந்த அளவு விற்பனைக்குக் கொடுக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து எந்த விதியும் இல்லை. இந்தியாவில் பிள்ளை நடிகர்களுக்கு 2017இல் வந்த விதிகள் உடம்பைக் காக்கின்றன: நாளுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, வருமானத்தில் 20 வீதமாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் கிடக்கவேண்டும். 2019 ஜூனில் டெல்லி அமைச்சு விடுத்த அறிவுறுத்தல் ஆட்டப் போட்டிகளில் பிள்ளைகளை வளர்ந்தவர்களின் அசைவில் ஆடவிடாதீர்கள் என்றது. ஆட்டத்துக்கு அறிவுறுத்தல் உண்டு, அழுகைக்கு இல்லை. அதை எழுதக்கூடியவர்கள் அந்த நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்கள் மட்டுமே, ஏனென்றால் எந்தக் கேள்வி பிள்ளையை அழவைக்கும் என்பது அவர்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, எல்லாருக்கும் வாயில் வருவது: பெற்றார் எதற்கு இருக்கிறார்கள்? ரிமோட் அவர்கள் கையில்தானே? இதைச் சொல்கிறவர்கள் பிள்ளைக்கென்று தனி அறையும் தனித் திரையும் உள்ள வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். தீவுப்பகுதி வீட்டில் பெரும்பாலும் ரீவி ஒன்று, அது விறாந்தையிலோ நடு அறையிலோ இருக்கும், அம்மம்மாவின் தொடர்தான் பேரப்பிள்ளையின் தொடர். தகப்பன் இரவுக் கடலுக்குப் போயிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளை பார்க்கும். பெட்டியில் பூட்டு வசதி உண்டுதான். அதைத் திறக்கும் மெனு ஆங்கிலத்தில். அதோடு, நிறுத்துவதற்கு முதல் என்ன வரப்போகிறது என்று தெரியவேண்டும். நஞ்சு கலந்த பிறகு ரிமோட்டை எடுத்து என்ன பயன்? குறி கேட்பது பெற்றாரின் பொறுப்பை எடுத்து வேறு யாரிடமோ கொடுக்க அல்ல, அந்தப் பொறுப்பைச் செய்ய ஒரு தகவலைக் கொடுக்க.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. தொழில்காரரை நம்பிப் பயன் இல்லை, அரசே வெட்டட்டும், பிள்ளைகளை விடவா பேச்சுச் சுதந்திரம் என்பார்கள். மூன்றாவது படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கே. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ் நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் ராஜா, மந்திரி வேடம் போட்டு ஒரு நகைச்சுவை செய்தார்கள். பணமதிப்பிழப்பும் வெளிநாட்டுப் பயணமும் உடுப்பும் அதில் கிண்டலாக வந்தன. டெல்லி ஆளுங்கட்சிக்காரர் முறையிட, சில நாளில் டெல்லி அமைச்சிலிருந்து ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டு அலைவரிசைக்குக் கடிதம் போனது. நஞ்சுக்கும் கடத்தலுக்கும் அசையாத படி, பிள்ளைகள் ராஜாவைப் பார்த்துச் சிரித்ததும் அசைந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றவென்று அரசின் கையில் கொடுக்கிற கத்தரிக்கோல் முதலில் எதை வெட்டும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. இலங்கையில் அது இன்னும் கூர்மையாக இருக்கும். தமிழ் நிகழ்ச்சியில் எது ‘சிறுவருக்குத் தீங்கு’ என்று கொழும்பில் ஓர் அமைச்சு முடிவெடுக்கிற நாளில், போரில் இறந்தோருக்கான மே மாதத்து நினைவேந்தல் செய்தி முதலில் போகும். நெதர்லாந்தைப் போல, சேராதவனுக்கு நட்டம் என்ற ஒரு வசனத்தை மட்டும் சட்டம் எழுதட்டும். எது எந்த வயதுக்கு என்பதில் அது கை வைக்கக்கூடாது.

மூன்றாவதாக, ரீவியை இப்போது யார் பார்க்கிறார்கள், எல்லாம் போன்தானே என்பார்கள். பாதி உண்மை. ஆனால் போனில் ஓடுவதில் எவ்வளவு ரீவி என்று பார்த்தால் திகைப்பு வரும். தொடரின் உச்சக் காட்சி மூன்று நிமிடத் துண்டாக யூரியூப்பில், பிக் பொஸ் சண்டை முப்பது விநாடியாக ரிக்ரொக்கில், செய்தி அதே சிவப்புத் தலைப்போடு. ஒளிபரப்பு நேரம் என்ற வேலி அங்கே இடிந்துவிட்டது. இரவு 11 மணிக்குரியது காலை ஏழு மணிக்குப் பாடசாலை பஸ்ஸில் ஓடும். அதனால்தான் குறி படத்தில் பதிந்திருக்கவேண்டும் என்கிறேன். வெட்டி எடுத்தாலும், நகல் எடுத்தாலும், மூலையில் இருக்கிற அலைவரிசைச் சின்னம் போகாமல் இருக்கிறதல்லவா? தங்கள் சொத்து என்று காட்ட அந்தச் சின்னத்தைப் பதிக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் பதிக்கத் தெரியும். குறி போட்டால் பிள்ளைகள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள் என்ற பயமும் நியாயமானதுதான். ‘உனக்கு இல்லை’ என்று சொல்கிற குறி ஆசை காட்டும். ‘இதில் இது இருக்கிறது’ என்று சொல்கிற குறி அவ்வளவாகக் காட்டாது. எனவே வயதைவிடக் காரணம் பெரிதாகத் தெரியவேண்டும்.

சென்னை இதை எங்களுக்காகச் செய்யாது. ஆனால் தன் பிள்ளைகளுக்காகச் செய்தால் எங்களுக்கும் தானாக வரும், சிகரெட் எச்சரிக்கை வந்தது போல. படங்களுக்கு யூஏ என்பதை 7, 13, 16 என்று பிரிக்கும் முறை அங்கே 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தொடர்களுக்கும் போட்டி நிகழ்ச்சிகளுக்கும் அதை நீட்டுவது பெரிய தாண்டல் இல்லை. இந்தப் பக்கத்தில் செய்யக்கூடியது டயலொக்கும் பியோவும் யாழ்ப்பாணத்துக் கேபிள்காரரும் சேர்ந்து தமிழில் ஒரு முறைப்பாட்டு மேசை வைப்பது. கட்டணம் வாங்கத் தமிழில் ஆள் வைத்திருக்கிறவர்கள்தானே. நூறு முறைப்பாட்டை ஒன்றாகக் கட்டி டெல்லிக்கு அனுப்புகிற விநியோகஸ்தருக்கு, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் பிடித்து வருகிற ஒரு தாய்க்கு இல்லாத எடை இருக்கும். அவர்கள் அலைவரிசைக்குக் காசு கட்டுகிறவர்கள்.

இன்றிரவு எட்டு மணித் தொடருக்குத் தேவைப்படுவது ஒரு வரி. இந்தப் பகுதியில் பிள்ளை கடத்தலும் நஞ்சும் வரும், 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களோடு பார்க்கவும். அதை எழுத எந்த நீதிபதியும் கூடவேண்டியதில்லை. காட்சியை வெட்டி ஒட்டி, இடிச் சத்தத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கிற எடிட்டருக்கு அது ஏற்கெனவே தெரியும்.